கண்ணைத் திறந்தே உட்காரலாம்: விளையாட்டு உளவியல் சங்கத்துக்குள் ஓர் அடையாளக் குழு தொடங்குவது எப்படி

எனக்கு இடது காது அறவே கேட்காது. வலது காதில் கருவி இருக்கிறது. மீதியை எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். விளையாட்டு உளவியல் ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்த பிறகு, ஒரு மாநாட்டுப் பயிலரங்கில் இது நடந்தது. மேடையில் இருந்தவர் விளக்குகளைக் குறைக்கச் சொன்னார். "எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், என் குரலை மட்டும் பின்தொடருங்கள்" என்றார். கண்ணை மூடினால் எனக்குக் குரலே கிடையாது. அரங்கம் முழுக்கக் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் அரையிருட்டில் முழித்துக்கொண்டிருந்தேன். மூன்று வரிசை தள்ளி இன்னொருவரும் அதே மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். பார்வை சந்தித்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குழுவின் முதல் கூட்டம் அதுதான் என்று இப்போது சொல்லிக்கொள்கிறோம்.

அந்த இரண்டு பேர் இன்று 17 பேர். எங்கள் தொழில்முறைச் சங்கத்துக்குள், உடற்குறை உள்ள ஆலோசகர்களுக்கான குழு. உங்கள் சங்கத்தில் பெண்களுக்கோ, ஓர் இனத்தவருக்கோ, பால்புதுமையினருக்கோ, வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களுக்கோ இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

சங்கங்களில் ஏற்கெனவே ஆர்வக் குழுக்கள் இருக்கும். இளையோர் விளையாட்டு, காயத்திலிருந்து மீள்வது என்று தலைப்பு வாரியாக. அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம். அடையாளக் குழு தலைப்பைச் சுற்றி அமைவதில்லை, ஆட்களைச் சுற்றி அமைவது. 'உடற்குறை உள்ள வீரர்களுடன் வேலை செய்வது' ஓர் ஆர்வக் குழு. 'உடற்குறை உள்ள ஆலோசகர்கள்' ஓர் அடையாளக் குழு. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும் தெரியுமா? முதல் கூட்டத்திலேயே நம்மைப் பற்றி நமக்கே பாடம் எடுக்க நாலு பேர் வந்துவிடுவார்கள். நல்ல மனசுடன்தான் வருவார்கள். ஆனாலும் அது வேறு கூட்டம்.

"சங்கத்தையே பிரிக்கிறீர்கள்" என்று யாராவது சொன்னால், இது புதிதல்ல என்று சொல்லுங்கள். கறுப்பின உளவியலாளர் சங்கம் 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. நிறுவனங்களுக்குள் ஊழியர் குழுக்கள் என்ற வழக்கத்தைப் பெரும்பாலும் ஜெராக்ஸ் நிறுவனத்தில் 1970-ல் உருவான கறுப்பின ஊழியர் குழுவிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். அதே 1970-ல்தான், அன்றாடம் விழும் சின்னச் சின்னக் குத்தல்களுக்கு 'மைக்ரோ அக்ரஷன்' என்று மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் பெயர் வைத்தார். இவர் ஒரு விளையாட்டு வீரரும்கூட. 1947-ல் ஹார்வர்டின் அமெரிக்கக் கால்பந்து அணியில், வெள்ளையர் மட்டுமே படித்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக, அவர்களின் மைதானத்திலேயே ஆடிய கறுப்பின மாணவர். நம் துறையில் இவரை யாரும் விளையாட்டோடு சேர்த்துப் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

ஆள் தேடுவது

நிர்வாகக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன் மூன்று பேரைப் பிடியுங்கள். மூன்று போதும். எப்படிப் பிடிப்பது என்பதில்தான் நாங்கள் தப்புப் பண்ணினோம். உறுப்பினர் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினோம்: "உங்களுக்கு உடற்குறை உள்ளதா? ஆம், இல்லை." ஒருவர்கூட 'ஆம்' போடவில்லை. பிறகுதான் புரிந்தது. ஓர் அணியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவர், பயிற்சி மணிநேரங்களை இன்னும் முடிக்காதவர், இவர்கள் எதற்காக அதை எழுத்தில் கொடுக்க வேண்டும்?

அடுத்த முறை கேள்வியைத் திருப்பிப் போட்டோம். "நீ யார்" என்று கேட்காமல் "நான் இன்னார்" என்று எழுதினோம். எனக்கு ஒரு காது கேட்காது, இன்னொருவருக்கு முதுகெலும்பில் பிரச்சினை, இப்படி இரண்டு பேர் சேர்ந்து பேசுகிறோம், விருப்பமிருந்தால் எங்கள் இருவருக்கு மட்டும் எழுதுங்கள், பெயர் வேறெங்கும் போகாது. இரண்டு வாரத்தில் ஆறு பேர் எழுதினார்கள்.

யார் உள்ளே

காதுகேளாதோருக்கான சர்வதேசப் போட்டிகள் 1924-ல் பாரிஸில் தொடங்கின. இன்று டெஃப்லிம்பிக்ஸ் என்கிறோம். அதில் ஆட, நன்றாகக் கேட்கும் காதிலேயே குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். பாராலிம்பிக்ஸில் வகைப்படுத்தல் இன்னும் விரிவானது. மருத்துவர்களும் பிற நிபுணர்களும் அளப்பார்கள், சந்தேகம் வந்தால் திரும்ப அளப்பார்கள். போட்டி நியாயமாக நடக்க அது தேவை. நம் குழுவில் யாரும் பதக்கம் வாங்கப் போவதில்லை. அதனால் அளவுகோலை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். சான்றிதழ் கேட்காதீர்கள். "இந்தச் சொல் எனக்குப் பொருந்தும்" என்று ஒருவர் சொன்னால் போதும்.

சொல்வது சுலபம். மன அழுத்த நோயோடு வாழும் ஓர் ஆலோசகர் சேர விரும்பியபோது இரண்டு கூட்டம் வாதம் நடந்தது. கண்ணுக்குத் தெரியும் குறை இருப்பவர்களில் சிலர், "அவர் விரும்பினால் மறைக்கலாம், எங்களால் முடியாது" என்றார்கள். அதுவும் உண்மைதான். அப்போது அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: வீரர்களிடம் "உதவி கேட்பது பலவீனமல்ல" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, தன் மாத்திரையைக் கழிவறையில் போய்ப் போட்டுக்கொள்கிறாராம். சேர்த்துக்கொண்டோம். முன்னால் எதிர்த்தவர்தான் இன்று அவரோடு சேர்ந்து பொறுப்பில் இருக்கிறார்.

இன்னொன்றும் வரும். ஒரே ஆளுக்கு இரண்டு அடையாளம் இருக்கும். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதியது இதைத்தான்: கறுப்பினப் பெண்ணின் அனுபவம் இனம் ஒரு கூறு, பாலினம் ஒரு கூறு என்று தனித்தனியாகப் பிரியாது. ஆகவே உங்கள் கூட்டத்தைப் பெண்கள் குழுக் கூட்டம் நடக்கும் அதே நேரத்தில் வைக்காதீர்கள். எங்கள் முதல் மாநாட்டில் அப்படித்தான் வைத்தோம். இரண்டு பேர் பாதியில் எழுந்து ஓடினார்கள்.

நண்பர்கள், ஆதரவாளர்கள்? வரட்டும். ஆனால் வருடத்தில் நான்கு கூட்டம் என்றால் மூன்று உள்வட்டம், ஒன்று எல்லோருக்கும் திறந்தது. அறிவிப்பிலேயே எது எது என்று எழுதிவிட்டால் வாசலில் நின்று யாரையும் திருப்பி அனுப்பும் சங்கடம் வராது.

காகித வேலை

ஒரு பக்கம் போதும். யாருக்காக, எதற்காக, யார் பொறுப்பு, எத்தனை காலம், சங்கத்திடம் என்ன வேண்டும். கடைசிக் கேள்விக்கு 'ஆதரவு' என்று எழுதாதீர்கள், அது யாருக்கும் செலவில்லாத சொல். நாங்கள் கேட்டவை: நிர்வாகக் குழுவில் எங்களுக்குப் பதில் சொல்லும் ஒருவரின் பெயர், எழுத்து வரியும் (பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டுவது) சைகை மொழிபெயர்ப்பும் ஏற்பாடு செய்ய நிதி, மாநாட்டில் பிரதான நேரத்தில் ஓர் அறை. விடியற்காலையிலோ மதிய உணவு இடைவேளையிலோ கொடுத்தால் வாங்காதீர்கள். உறுப்பினர் பட்டியல் குழுவிடமே இருக்கும், சங்கத்துக்கு எண்ணிக்கை மட்டும் தருவோம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை நடத்துவது

"உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவர்கள்தான் வந்திருக்கிறார்கள். நாங்கள் கேட்பது: "இந்த மாதம் வேலையில் எதை இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது?" சின்னக் கேள்வி. பதில்கள் மட்டும் சின்னதாக இருந்ததில்லை.

ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது, பேசுமுன் பெயரைச் சொல்ல வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் இருவர் தேவை. ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கை மட்டுமல்ல, மூளையும் களைத்துவிடும். இந்த ஒழுங்கு எங்களுக்குத் தேவைப்பட்டது. உங்கள் குழுவுக்கு வேறு ஏதோ தேவைப்படும். என்ன என்று முன்கூட்டியே கேளுங்கள், ஊகிக்காதீர்கள்.

ரகசியம்

இதில் நிதானமாக இருங்கள். நம் துறை சின்னது. ஒருமுறை நான், பெயர் சொல்லாமல், ஒரு வில்வித்தை வீராங்கனையைப் பற்றிப் பேசினேன். விளையாட்டைச் சொன்னேன், அவருக்கும் காது கேட்காது என்றேன், அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் கேட்டிருக்கக் கூடாது." இரண்டு நாள் எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த வீராங்கனையிடமே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் விதி கடுமையானது: வீரர்களைப் பற்றிப் பேச்சே இல்லை, பெயர் மாற்றியும் இல்லை. நம்மைப் பற்றிப் பேசலாம். வீரர்களுடனான வேலையை விவாதிக்க, நம்மை வழிநடத்தும் மூத்த ஆலோசகர், அதாவது மேற்பார்வையாளர், இருக்கிறார். இந்தக் குழு மேற்பார்வையும் அல்ல, சிகிச்சையும் அல்ல.

மேற்பார்வையாளரும் அவரிடம் பயிலும் மாணவரும் ஒரே குழுவில் இருந்தால்? எங்களுக்கு அது வந்தது. நாளைக்குத் தன்னை மதிப்பிடப் போகிறவர் முன்னால் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்? மூத்தவரே ஒரு கூட்டம் விட்டு ஒரு கூட்டம் வருவதாக ஒப்புக்கொண்டார். விலகி நிற்க வேண்டியது அதிகாரம் இருப்பவர்தான், மாணவர் அல்ல.

இலவச வேலை

குழு பெயர் எடுத்ததும் நிர்வாகம் எல்லாவற்றையும் அனுப்ப ஆரம்பிக்கும். இந்த விதிமுறையைப் பாருங்கள், இந்தச் சுவரொட்டி சரியா, இந்த மேடைக்கு ஒருவர் வேண்டும். முதல் வருடம் எல்லாவற்றுக்கும் சரி என்றோம். முடிவில் பேசவே நேரமில்லை. இப்போது வருடத்துக்கு இரண்டு கோரிக்கைகள்தான் எடுப்போம், பதில் குழுவின் பெயரில் போகும், தனிநபர் பெயரில் அல்ல. அதற்குச் செலவாகும் நேரத்துக்குச் சங்கம் ஊதியமோ, தொடர்கல்வி மணிநேரமோ தர வேண்டும்.

நாங்களாகவே எடுத்துச் செய்த வேலை ஒன்று உண்டு. அந்தக் கண் மூடும் பயிற்சி. உதட்டையோ சைகையையோ படிக்கும் வீரரிடம் "கண்ணை மூடு" என்றால் உரையாடலையே துண்டிக்கிறோம். அதனால் திறந்த கண்ணோடு செய்யும் தளர்வுப் பயிற்சியை ஒரு தாளில் எழுதினோம்: பார்வையை நிறுத்த ஒரு புள்ளி, மூச்சின் தாளத்துக்கு ஆலோசகரின் கை மேலும் கீழும் போவது, முதலில் காட்டிவிட்டுப் பிறகு செய்யவைப்பது. இன்னொன்றும் சேர்த்தோம். டெஃப்லிம்பிக்ஸ் போட்டி நேரத்தில் காதுக் கருவி அணியக் கூடாது. பயிற்சியில் கருவியோடு பழகிய மனத் தயாரிப்பு, கருவியைக் கழற்றிய நொடியில் கலைந்துபோகும். ஆகவே கருவி இல்லாமலேயே அந்த நடைமுறையைப் பழக்க வேண்டும், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் வரும் விளக்கு மாறும்வரை. இந்தத் தாளைக் காது நன்றாகக் கேட்கும் வீரர்களிடமும் சிலர் பயன்படுத்துகிறார்கள். கண்ணை மூடினாலே பதற்றம் கூடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். யாரும் இதுவரை வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொறுப்பாளர்கள் எப்போதும் இருவர், இரண்டு வருடம், பிறகு கட்டாயம் இறங்க வேண்டும். தொடங்கியவரே கடைசிவரை நடத்தினால் அது குழு இல்லை, அவர் வீட்டுத் திண்ணை. நான் இறங்கியபோது கொஞ்சம் வலித்தது, ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, நாங்கள் இன்றும் அனுப்பும் அழைப்பு. அப்படியே எடுத்துக்கொண்டு உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். நாங்கள் இருவரும் உடற்குறையோடு இந்தத் தொழிலில் இருப்பவர்கள். அடுத்த கூட்டம் உள்வட்டம், ஒரு மணி நேரம். சான்று எதுவும் வேண்டாம். கேமராவை அணைத்து வைக்கலாம், பேசாமலும் இருக்கலாம், பாதியில் போகலாம். எழுத்து வரியும் சைகை மொழிபெயர்ப்பும் உண்டு. வேறு ஏதாவது தேவைப்பட்டால் ஒரு வாரம் முன்பு சொல்லுங்கள். யாரையும் கண்ணை மூடச் சொல்ல மாட்டோம்."