இயற்கைத் தோட்ட முறைகளை ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆடி பிறந்ததும் எங்கள் தெருவில் விதைப் பாக்கெட்டுகள் கைமாறத் தொடங்கிவிடும். கூடவே கேள்வியும் வரும்: "பஞ்சகவ்யா நல்லதா, ஜீவாமிர்தம் நல்லதா, இல்லை மண்புழு உரமே போதுமா?" மதுரையில் பதினோரு வருடமாக வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் காய்கறி வளர்த்துவருகிறேன். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, இவை மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை இல்லை என்பதைத்தான்.

மண்புழு உரமும் தொழுவுரமும் மண்ணுக்குச் சோறு மாதிரி. மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், செடிக்குச் சத்தும் தரும். ஜீவாமிர்தம் என்பது சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து ஊறவைத்து, நுண்ணுயிர்களைப் பெருக்குவதற்கான கரைசல். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைக்கும் பஞ்சகவ்யாவைப் பெரும்பாலும் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து இலைமேல் தெளிக்கிறோம். அதில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) அளவு சொற்பம். தொட்டி மண்ணில் மக்கிய உரமே இல்லாமல் பஞ்சகவ்யாவை மட்டும் வாரம் தவறாமல் தெளித்துவிட்டு, "இயற்கை முறையில் காய் பிடிக்கவில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. முறையின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு முழு முறைக்கும் மதிப்பெண் போடுவதுதான் இதில் பெரிய தவறு. ஜீவாமிர்தத்தைப் பரப்பிய மகாராஷ்டிர இயற்கை விவசாயி சுபாஷ் பாலேக்கர் அதைத் தனியாகச் சொல்லவில்லை. மூடாக்கும் (மண்ணைச் சருகு, வைக்கோலால் மூடுவது) மண்ணில் காற்றோட்டமும் சேர்ந்ததுதான் அவர் சொன்ன முறை.

அளவிலும் இதே தவறு நடக்கிறது. ஜீவாமிர்தத்துக்குச் சொல்லப்படும் 200 லிட்டர் ஒரு ஏக்கருக்கானது. ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. 400 சதுர அடி கொல்லைக்குக் கணக்குப் போட்டால் இரண்டு லிட்டர்கூட வராது. பத்துத் தொட்டிக்கு ஒரு வாளி ஊற்றினால் வெல்லமும் மாவும் மேல்மண்ணில் புளித்து ஈ மொய்க்கும், எறும்பு ஏறும். வயலுக்கான கணக்கை அப்படியே தொட்டிக்குக் கொண்டுவரக்கூடாது.

அடுத்த தவறு, வேறு ஊர் மழையை நம்பிப் பிறந்த முறையை இங்கே அப்படியே செய்து பார்ப்பது. "ஒற்றை வைக்கோல் புரட்சி" எழுதிய மசானபு ஃபுகோகா உழாமல் விவசாயம் செய்தது ஜப்பானின் சிகோகு தீவில். பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையைப் பார்த்து நிலைத்து நிற்கும்படி தோட்டத்தை வடிவமைப்பது, 1970களில் ஆஸ்திரேலியாவில் உருவான சிந்தனை. இரண்டிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் மதுரைக்குக் கிடைக்கும் மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வந்து போய்விடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும். அதனால் இங்கே எந்த முறையை எடுத்தாலும், ஒரு வாளித் தண்ணீரை எத்தனை நாள் மண்ணில் நிறுத்துகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால் மூடாக்கு முன்னால் வந்து நிற்கிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன விஷயம் இது. வேப்பஞ்சருகு, வைக்கோல், காய்ந்த புல் என்று எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குலம் பரப்பினால் போதும். தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விட வேண்டும். விடாவிட்டால் மழைக்காலத்தில் தண்டு அழுகும். செம்மண் கொல்லையாக இருந்தால் கரையானும் ஏறிவிடும்.

இதை நான் சோதித்துப் பார்த்தது ஒரு வெண்டைப் பாத்தியில். ஒரே பாக்கெட் விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே மண். ஆறு செடிக்குச் சருகு போட்டேன், ஆறு செடியை வெறுமையாக விட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. மாலையில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர். பங்குனி வெயிலில் வெறும் மண்ணுக்குத் தினமும் ஊற்ற வேண்டியிருந்தது. சருகு போட்டதற்கு மூன்று நாளைக்கு ஒருமுறை போதுமாக இருந்தது. பஞ்சகவ்யா, உரம், மண் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றியிருந்தால் பலன் எதனால் வந்தது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

பருவத்தை மறந்துவிட்டு ஒப்பிடுவதும் உண்டு. ஆடிப்பட்டத்தில் தொழுவுரம் போட்ட கத்திரியையும், சித்திரையில் மண்புழு உரம் போட்ட கத்திரியையும் பக்கத்தில் வைத்துப் பேசிப் பயனில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது எந்த உரம் போட்டாலும் பூ உதிரத்தான் செய்யும். அந்த மாதங்களில் நான் புதிதாக எதையும் சோதிப்பதில்லை. நிழல்வலை கட்டி, இருக்கிற செடியைக் காப்பாற்றுவதோடு சரி.

மாடியில் வளர்ப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது தென்னை நார்க்கழிவு. எடை குறைவு, ஈரம் பிடிக்கும், எல்லாம் உண்மை. ஆனால் அலசாத கட்டியில் உப்பு இருக்கும், சரியாக மக்காத கழிவு மண்ணின் தழைச்சத்தைத் தனக்கு இழுத்துக்கொள்ளும். அதன்மேல் நம் ஊரின் பல பகுதிகளில் வரும் உப்புப் போர் தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் கருகுகிறது. உடனே உரத்தின்மேல் பழி விழுகிறது. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டு, மண், நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலப்பது எனக்குச் சரியாக வருகிறது. மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாகிவிட்டது. மாடியிலிருந்து அதற்காக இறங்கும் குழாயில் ஒரு டிரம்மை இணைத்துவிட்டால், உப்பில்லாத தண்ணீர் கொஞ்சமாவது தொட்டிக்குக் கிடைக்கும்.

மண்புழு உரத்தில் நானும் இழந்திருக்கிறேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு டப்பா வைத்திருந்தேன். வைகாசி முதல் வாரத்தில் நான்கு நாள் ஊரில் இல்லை, திரும்பி வந்தபோது ஒரு புழுகூட உயிரோடு இல்லை. உரத்துக்கு வளர்க்கும் புழுக்களுக்கு 20 முதல் 30 டிகிரிதான் சுகம். மரநிழலும் தரையும் இல்லாத வீட்டுக்கு அடுக்களைக் கழிவை மக்கவைக்கும் சாதாரண மக்குத் தொட்டியே மேல். காய்த்தோல் ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு பங்கு போட வேண்டும். சருகு குறைந்தால்தான் நாற்றம் வருகிறது.

"இயற்கை மருந்துதானே" என்று வேப்பெண்ணெயை நினைத்தபோதெல்லாம் தெளிப்பதையும் நிறுத்த வேண்டும். லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை நேரம், அவ்வளவுதான். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். அடிக்கடி தெளித்தால், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டுக் குஞ்சுகளுக்கும் ஆபத்து. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் தமிழ்நாட்டுக்குள் வந்து மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் ஏறியபோது, மருந்தால் அதை அடக்க முடியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசிரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நம் தொட்டியிலும் அப்படி வேலை செய்யும் பூச்சிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு வாரமாவது அவகாசம் கொடுக்கலாம்.

செலவை ஒப்பிடும்போது மாட்டைக் கணக்கில் விட்டுவிடுகிறோம். அலங்காநல்லூரில் வீட்டில் நாட்டுமாடு நிற்பவருக்கு ஜீவாமிர்தம் மாதிரியே எளிதான அமிர்தக்கரைசல் ஏறக்குறைய இலவசம். ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், கொஞ்சம் வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர், மறுநாள் தயார். நகரத்து அடுக்குமாடியில் இருப்பவர் அதையே பாட்டிலில் விலைக்கு வாங்கினால் காய்க்கு ஆகும் விலையைவிட அது அதிகமாகிவிடும். அவருக்கு அடுக்களை மக்கும் சருகு மூடாக்கும் போதும்.

கொல்லையில் தரை மண் இருப்பவர்கள் எந்த முறையைத் தொடங்கும் முன்பும் மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். உப்பு எவ்வளவு என்று தெரிந்தபிறகு எதை விதைப்பது என்று முடிவு செய்யலாம். உப்பு கூடுதலாக இருந்தால் பீன்ஸைத் தவிர்த்துவிட்டு, கொஞ்சம் தாங்கக்கூடிய தட்டைப்பயற்றை ஆடியிலேயே ஊன்றிவிடுங்கள்.