மரக் கிட்டாரும் லேப்டாப் பீட்டும் ஒட்டாமல் போவது ஏன்? நாங்கள் சரிசெய்த முறை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி அறையில் எங்கள் நால்வரின் ராக் குழு பயிற்சி செய்கிறது. இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு கஹோன் (உட்கார்ந்து தட்டும் பெட்டி வடிவத் தாளக்கருவி), மின்னணு ஒலிகளுக்கு ஒரு லேப்டாப். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பீட். ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத்துண்டு) வேண்டாம், உங்கள் தெருவின் ஒலியை எடுங்கள். நாங்கள் காசிமேட்டில் விடியற்காலையில் விசைப்படகு இன்ஜினைச் செல்போனில் பதிந்து, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒரே ஓர் அடியை மட்டும் வெட்டி அடுக்கினோம். செல்போன் மைக்கில் பாஸ் (அடித்தள ஒலி) சரியாக விழாது. அடியில் 55 ஹெர்ட்ஸ் சைன் ஒலி சேர்த்ததும் நெஞ்சில் இடித்தது.

2. கிட்டார். இங்கேதான் மூன்று மாதம் தவித்தோம். எஃபெக்டுக்காகக் கிட்டாரை லேப்டாப்புக்குள் அனுப்பி வெளியே எடுத்தோம். பஃபர், அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துண்டு, 1024 சாம்பிள் (ஒலியின் சிறு அளவீடு). நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால், உள்ளே போக 21 மில்லி விநாடி, வெளியே வர இன்னொரு 21. ஸ்பீக்கரை 14 மீட்டர் தள்ளி வைத்துக் கேட்பது போல. காதில் விழுவதற்காகக் கை காத்திருக்கும், தாளம் இழுபடும். பயிற்சி போதவில்லை என்று நினைத்து ஒருவரோடு ஒருவர் மனம் கசந்தோம்.

பஃபரை 128 ஆக்கினால் ஒரு வழிக்கு 2.7தான். ஆனால் சின்தும் (மின்னணு ஒலி உருவாக்கும் மென்பொருள்) ரிவெர்பும் (எதிரொலி எஃபெக்ட்) சேர்ந்ததும் எங்கள் பழைய லேப்டாப் திணறி, ஒலி பட் பட்டென்று வெடித்தது. கடைசியில் கிட்டாரை டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் சிறு பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டோம். லேப்டாப் தன் ஒலியை மட்டும் வாசிக்கட்டும், பஃபர் 1024 இருந்தாலும் பாதகமில்லை. எதிரொலி வேண்டுமா? பெடல் (காலால் இயக்கும் எஃபெக்ட் பெட்டி) வாங்குங்கள். மேடையில் நான் பெடலைத்தான் நம்புவேன்.

3. கிளிக், அதாவது வாசிப்பவருக்கு மட்டும் வேகம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி. ரீப்பரில் கிளிக்கை முழுக்க இடப்பக்கமும் பீட்டை முழுக்க வலப்பக்கமும் தள்ளுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் வயர் ரிச்சி தெருவில் கிடைக்கும். மிக்ஸரில் கிளிக்கின் ஃபேடரை (ஒலி அளவை மாற்றும் நெம்பை) முழுக்கக் கீழே இறக்கி, ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் (ஃபேடர் இறங்கியிருந்தாலும் ஒலியைத் தனியாக அனுப்பும் வழி) மூலமாகக் கஹோன் வாசிப்பவரின் காதுக்கு மட்டும் அனுப்புங்கள். அவரைப் பார்த்து மற்றவர்கள் வாசித்தால் போதும்.

பின்சேர்க்கை: படித்த இரண்டு பேர், ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது என்றார்கள். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் வழியாகச் சுற்றி வருகிறது என்று பொருள். லேப்டாப்பின் இரண்டு வயர்களையும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் வழியாக விட்டு, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் (வயரின் எர்த் தொடர்பைத் துண்டிக்கும்) பொத்தானை அழுத்துங்கள். சிலர் பிளக்கின் எர்த் பின்னையே உடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிட்டார் கம்பியில் விரலும் மைக்கில் உதடும் படும்போது உயிருக்கே ஆபத்து.