தொழில்நுட்பப் பட்டம்: முடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நின்றே என் படிப்பு முடிந்தது. முதலில் கிரெடிட்டை, அதாவது பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகளை எண்ணுங்கள். பட்டங்களின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகப்படி (SLQF) பொதுப் பட்டத்துக்குக் குறைந்தது 90, சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை மட்டுமல்ல, வீட்டில் கண்விழித்ததும் கணக்குத்தான்.

தவறிய பாடத்தை அடுத்த முறையே எழுதி முடியுங்கள்.

அப்புறம் தொழிற்பயிற்சிக் குறிப்பேடு. இதில்தான் நான் மாட்டினேன். மூன்று வாரப் பக்கங்களை ஒரே இரவில், ஒரே நீலப் பேனாவால் நிரப்பினேன். மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார், கையெழுத்து வைக்கவில்லை. அன்றன்று என்ன இயந்திரம், என்ன பழுது, எப்படித் திருத்தினீர்கள் என்று நாலு வரி எழுதி, வெள்ளிதோறும் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியில், நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.