பள்ளியில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம்: பூவோடு இலையும் வேண்டும்

செங்கோட்டை, தென்காசிப் பகுதிப் பள்ளிகளில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் அமைக்க விரும்பும் ஆசிரியர்கள், ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துசேரும் ஜூன் மாதத்திலேயே நடவைத் தொடங்கிவிட்டால், தண்ணீர் ஊற்றும் வேலை பெரும்பாலும் மிச்சமாகும். பூச்செடிகளை மட்டும் வைத்தால் பூச்சிகள் தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அவை முட்டையிட வேண்டுமானால் புழு தின்னும் இலை வேண்டும். கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ இரண்டு கன்றுகளும் வேலியோரம் ஓர் எருக்கும் தொடக்கத்துக்குப் போதும். எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கிடப்பதை மாணவர்கள் துடைத்தெறிந்துவிடக் கூடாது. அதுதான் இளம்புழு, வளர்ந்தபின் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டி நாற்றமடிக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அச்செடியைப் பெரியவர்களே கையாள வேண்டும். உண்ணிச்செடியில் எத்தனை பூச்சிகள் மொய்த்தாலும் அதை நட வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அது பரவியிருப்பதே போதும். பூச்சிமருந்து அறவே கூடாது. சத்துணவுக்குக் கறிவேப்பிலை பறிக்கும் அம்மாவிடமும், புழு இருக்கும் கொத்தை விட்டுவிடும்படி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.