வீட்டு விளைல ஏர்கன் ரேஞ்ச் போடணும்னா

1741ல கொளச்சல்ல டச்சுப்படைய அடிச்சு, அதுல பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை வச்சே உதயகிரி கோட்டைல பீரங்கி வார்த்த ஊரு நம்ம கன்னியாகுமரி பக்கம். ஆனா இன்னைக்கு தக்கலை டீக்கடைல நின்னு ஏர்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, ஒருத்தன் லேய் அதுக்கு கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கணும்டேம்பான், பக்கத்துல நிக்கிறவன் சவம் அது விளையாட்டு சாமான்தானேம்பான், ரெண்டு பேருமே பாதிதான் தெரிஞ்சு வச்சிருப்பானுவ. 2024 பாரிஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் அடிச்சதுக்குப் பிறகு சொந்தத்துல உள்ள பயலுவ எல்லாம் "அண்ணே எந்த கன் வாங்கலாம்"னு கேக்கானுவ. நான் திருப்பிக் கேக்கது ஒண்ணுதான், உன் ரவை, அதான் கன்ல போடுற குண்டு, எங்க போய் நிக்கும்? பதில் சொல்லத் தெரியாதவன் கன் வாங்காண்டாம், இப்போதைக்கு.

முதல்ல சட்டத்த முடிச்சிருவோம். 2016 ஆயுத விதிகள்படி பேரல் துளை பாயின்ட் ஒன் செவன் செவன் இஞ்சு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகாம, ரவை வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்கு மேல போகாம இருந்தா ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். இதுல ஏதாவது ஒண்ணு தாண்டினாலும் லைசென்ஸ் வேணும், பாயின்ட் டூ டூ இஞ்சு துளை உள்ள ஏர்கன் எவ்வளவு மெதுவா அடிச்சாலும் சரி. ஜூல்ங்கிறது சக்தி அளவு, கணக்கு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், எடை பெருக்கல் வேகத்தோட வர்க்கம், அதுல பாதி. போட்டிக்கு உள்ள தட்டைத்தலை ரவை ஒண்ணு சுமாரா 0.53 கிராம், அது நொடிக்கு 175 மீட்டர் போனா 8 ஜூல்தான் வரும். அதே ரவை 275 மீட்டர தொட்டா 20 ஜூல் ஆயிரும். இப்போ டப்பா மேல பெரிசா 1000 எஃப்.பி.எஸ்.னு போட்டு விக்கானுவள்லா, நொடிக்கு 1000 அடி, அதாவது 305 மீட்டர், இந்த 0.53 கிராம் ரவை நெசமாவே அந்த வேகத்துல போச்சுன்னா 24 ஜூலுக்கு மேல, சட்டம் தாண்டிரும். பெரும்பாலும் எடை குறைஞ்ச ரவைய போட்டு எடுத்த கணக்கத்தான் டப்பால அடிச்சிருப்பானுவ, இருந்தாலும் கடைக்காரன்ட்ட எந்த ரவைக்கு எத்தனை ஜூல்னு கேட்டு, பில்லுல மாடல் பேர எழுதி வாங்கி பத்திரமா வைங்க. பத்து மீட்டருக்கு 8 ஜூலே தாராளம், ஒலிம்பிக்லயே அவ்வளவுதான்.

இன்னொண்ணு, லைசென்ஸ் வேண்டாம்னா எதையும் சுடலாம்னு அர்த்தம் இல்ல. வாழைத் தோப்புல மயிலு இறங்கி நாசம் பண்ணுது, சரிதான், ஆனா மயிலு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, ஏர்கன்ல ஒரு ரவை விட்டாலும் வேட்டைதான், ஜெயில்தான். தேரூர் குளத்துல வந்து இறங்குற பறவைகளப் பாத்து கை ஊறுறவன் இந்த விளையாட்டுக்கே வேண்டாம். எங்க கூட்டத்துல அப்பிடி ஒருத்தன் வந்தான், மறுவாரம் அவனுக்கு போன் போடல. பேப்பர் டார்கெட், பழைய டின்னு, அம்புட்டுதான் நமக்கு.

சரி, எடம். சுடுற கோட்டுல நிக்கிற காலுக்கும் டார்கெட்டுக்கும் பத்து மீட்டர், டார்கெட் நடு தரைல இருந்து 1.4 மீட்டர் உயரம், இதுதான் போட்டி அளவு. நம்ம விளையில, அதான் தோட்டத்துல, பத்து மீட்டர் கிடைக்கது கஷ்டமே இல்ல, டார்கெட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குங்கிறதுதான் கஷ்டம். ஏர்கன் ரவை தடுக்காம விட்டா இருநூறு மீட்டர் தாண்டியும் போகும், நம்ம பக்கம் வீடும் விளையும் கலந்து கிடக்கு, இருநூறு மீட்டருக்குள்ள ஒரு சர்ச்சு, ரெண்டு வீடு, ஒரு பஸ் ஸ்டாப்பு கண்டிப்பா வந்திரும். வேலிக்கு அங்கன யாரும் இல்லன்னு சொல்லாதீங்க, ரப்பர் வெட்டுறவங்க விடியக்காலைல சத்தமே இல்லாம நிப்பாங்க. தென்னை மரத்துல டார்கெட்ட ஆணி அடிச்சு சுடுறவங்க நிறைய பேர், அத செய்யாதீங்க, தடி உருண்டை, ஓரத்துல பட்ட ரவை எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. நல்ல உயரமான மண் கையாலை, அதாவது விளைய சுத்தி எழுப்பின மண் சுவரு, இருந்தா அதுக்கு முன்னாடி வைக்கலாம், ஆனா கையாலைல கருங்கல்லு துருத்திட்டு நிக்கும், அந்த எடத்த மண்ணு வச்சு பூசிருங்க. வழி இருக்கிற பக்கமா, கிணத்துக்கு தண்ணி கோர வர்ற பக்கமா கோட்ட போடவே கூடாது.

கையாலை ரெண்டாவது காவல்தான். முதல் காவல் ரவைய பிடிக்கிற பெட்டி, அத நீங்களே செய்யலாம். ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி, ஆழம் ஒரு அடி, பழைய கதவுப் பலகை இருந்தா கொள்ளாம். பின்பக்கம் உள்ள 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒண்ணு, வெல்டிங் கடைல வெட்டித் தருவான். தகடுக்கு முன்னாடி பழைய சாரம் (லுங்கி), சாக்கு, கிழிஞ்ச பெட்ஷீட்டு, எது கிடைச்சாலும் நெருக்கி அமுக்கி அடைங்க, காலால மிதிச்சு அடைக்கணும், லூசா இருந்தா ரவை நேரா தகடுக்குப் போயிரும். பட்டன், ஜிப்பு எல்லாம் வெட்டிக் களையணும். முன்பக்கம் ஒரு அட்டை, அதுமேல டார்கெட் பேப்பர். செஞ்சு முடிச்ச உடனே இருபது ரவை ஒரே எடத்துல சுட்டுட்டு பெட்டிய பிரிச்சுப் பாருங்க, எத்தனாவது மடிப்புல நிக்குதுன்னு தெரியும். எனக்கு முதல் தடவை நாலு விரக்கடைக்குள்ளயே நின்னுச்சு. ஆனா தினமும் நடுவுலயே அடி விழும்போது அங்க துணி பொடிஞ்சு குழி ஆயிரும், மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு மாத்தி அடைக்கணும், தகடுல டங்குனு சத்தம் கேட்டா அன்னைக்கே.

நான் முதல்ல செஞ்ச கோட்டித்தனத்தையும் சொல்லிருகேன். ரப்பர் ஊருக்காரன்தானே, ரப்பர் எல்லாத்தையும் தாங்கும்னு நினைச்சு ஒரு பழைய லாரி டயர கட்டித் தொங்கவிட்டு அதுல டார்கெட் ஒட்டினேன். மூணாவது ரவை டயர்ல பட்டு நேரா திரும்பி வந்து என் முட்டிக்குக் கீழ அடிச்சுச்சு, பத்து மீட்டர் வந்த வழியே வந்திருக்கு பாத்துக்கிடுங்க, தோல் பொத்தல, ஆனா நாலு நாளு நீலமா கிடந்துச்சு. அது கண்ணுல பட்டிருந்தா? ரப்பரும் டயரும் ரவைய அப்பிடியே திருப்பி விடும், ஸ்டீல் பிபி குண்டுன்னா, அந்த சின்ன உருண்டைக் குண்டு, இன்னும் மோசம், அது நசுங்கவே செய்யாது, கல்லு இரும்பு எதுல பட்டாலும் துள்ளும். ஈய ரவை மட்டும் போடுங்க. கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடிய சொல்லுகேன், சுடுறவனுக்கும் பக்கத்துல நிக்கிறவனுக்கும் கட்டாயம், ஹார்டுவேர் கடைல கிரைண்டிங்குக்கு விக்கிற கண்ணாடியே போதும்.

இனி கன்ன கைல எடுக்கது. நம்ம ஆளுங்கட்ட இருக்கது முக்காவாசி பேரல மடக்கி ஸ்பிரிங் ஏத்துற கன்னுதான். அதுல ரவை போடும்போது ஒரு கை பேரல விடவே கூடாது, மடக்கின பேரல் அப்பிடியே நிக்கும்னு நம்பி ரெண்டு கையாலயும் ரவைய நோண்டினா, எப்பவாவது ட்ரிக்கர் தட்டிச்சுன்னா பேரல் மேல வந்து அடிக்கிற வேகத்துல விரல் நசுங்கும், கன்னோட மரக் கட்டையும் ஒடையும். காக் பண்ணிட்டு, அதாவது ஸ்பிரிங் ஏத்திட்டு, சுட மனசில்லைன்னா அப்பிடியே சுவத்துல சாச்சி வைக்காதீங்க, ஒரு ரவை போட்டு பெட்டிக்குள்ள சுட்டு காலி பண்ணிட்டு வைங்க. ரவை இல்லாம வெறுமனே டப்பு டப்புனு அடிக்கவும் கூடாது, முன்னாடி காத்துத் தடை இல்லாம பிஸ்டன் போய் முட்டி கெட்டுப்போகும். பேரலுக்குள்ள தேங்காண்ண, மெஷின் ஆயில் எதுவும் ஊத்தாதீங்க, அமுங்கின காத்துச் சூட்டுல எண்ண பத்தி வெடிக்கும், புகை வரும், வேகம் தாறுமாறா ஏறும். சிலிண்டர்ல முன்னாலயே காத்து அடைச்சு வைக்கிற பிசிபி கன்னு வச்சிருக்கவங்களுக்கு இது இன்னும் முக்கியம், அதுல 200 பார் அழுத்தத்துல காத்து இருக்கு, சுத்தமான காத்து மட்டும்தான் அடைக்கணும், வெல்டிங் கடை ஆக்சிஜன அடைக்கப் போனவன் கையோட திரும்ப மாட்டான்.

விரல் விஷயம் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா யாரும் செய்ய மாட்டாங்க. குறி வச்சு முடிக்கிற வரைக்கும் விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளிய, கட்டை மேல நீட்டிக் கிடக்கணும். ஒரு நாளு செல்போன்ல வீடியோ எடுத்துப் பாருங்க, உங்க விரல் எங்க கிடக்குன்னு, எனக்கு வெக்கமாப் போச்சு. அதே மாதிரி ஆளு கூப்பிட்டா கன்னோட சேந்து உடம்பு திரும்புறது, திருவிழாக் கடைல பலூன் சுட்டுப் பழகின பழக்கம் அது. மண்டைக்காடு கொடைல அந்த பலூன் கடைய நின்னு பாருங்க, பேரல் எத்தன பேர் வயித்த தடவிட்டுப் போகுதுன்னு. அம்மை துணி காயப்போட வந்தா, கோழி குறுக்க ஓடினா, பிள்ளைய ஓடி வந்தா, பேரல் பெட்டியப் பாத்தபடியே கிடக்கட்டும், விரல எடு, ரவைய எடு, பேரல மடக்கித் திறந்து கீழ வை, அதுக்குப் பிறகு திரும்பு. டார்கெட் மாத்த ஒருத்தர் போகும்போது வேற யாரும் கன்ன தொடக்கூடாது, சைட் (குறி பாக்குற கருவி) பாக்கேன்னு சும்மா கூட எடுக்கக்கூடாது. நாங்க ஆரஞ்சு நைலான் கயிறு ஒண்ணு வச்சிருக்கோம், பேரல் வழியா விட்டு ரெண்டு முனையும் வெளிய தெரியணும், தெரிஞ்சா காலி, போட்டிகள்லயும் இந்த மாதிரி பாதுகாப்புக் கொடி கட்டாயம்.

சுடுறதப் பத்தி கொஞ்சம். போட்டி ரைபிள் டார்கெட்ல பத்து புள்ளிங்கிறது அரை மில்லிமீட்டர் பொட்டு, பிஸ்டல்ல 11.5 மில்லிமீட்டர், ஆகவே முதல் மாசம் பத்த மறந்திருங்க. அஞ்சு ரவை ஒரே குறில சுடுங்க, எங்கன கூடி விழுதுன்னு பாருங்க, அந்த ஓட்டைக் கூட்டம் சின்னதா ஆன பிறகு மட்டும் சைட்ட திருகுங்க, பின் சைட்ட எந்தப் பக்கம் நகத்துறீங்களோ ரவையும் அந்தப் பக்கம் போகும். ஒவ்வொரு ரவைக்கும் சைட்ட திருகிட்டே இருக்கவனுக்கு கன்னும் புரியாது கையும் புரியாது. ஸ்பிரிங் கன்ன இறுக்கிப் பிடிக்கக்கூடாது, சுவத்து மேல பேரல வைக்கவும் கூடாது, உள்ளங்கைல கட்டை சும்மா கிடக்கணும், அது துள்ளுறது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ரவை ஒரே எடத்துக்குப் போகும். அரை கிராம் ரவை காத்துக்கு லேசு, முப்பந்தல் காத்தாடி சுத்துற காத்துல ஆரல்வாய்மொழி பக்கம் திறந்த விளைல நின்னு சைட்ட திருகாதீங்க, காத்துக்குத்தான் திருகுவீங்க. ஓலையோ தார்ப்பாயோ வச்சு ரெண்டு பக்கமும் மறைச்சா பாதி பிரச்சனை தீந்துச்சு.

பாயின்ட் டூ டூ ரைபிள் ஆசை வந்தா வீட்டுல வேண்டவே வேண்டாம், அது நெசத் தோட்டா, ஒண்ணரை மைல் போகும்னு அதோட டப்பாலயே போட்டிருப்பான். லைசென்ஸ், ரைபிள் கிளப், கோச்சு, அந்த வழிதான். அங்க லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட்னு சொல்லுவாங்க, ஸ்டாப்னு கேட்ட உடனே பாதி அமுக்கின ட்ரிக்கரையும் விடணும். ட்ரிக்கர் தட்டி வெடிக்கலைன்னா உடனே திறந்து பாக்காம பேரல டார்கெட் பக்கமே பிடிச்சு அரை நிமிசம் நில்லுங்க, சில தோட்டா தாமசிச்சு வெடிக்கும். சத்தம் வழக்கத்த விட சவசவன்னு வந்தா அடுத்தத போடாதீங்க, முந்தினது பேரல்லயே மாட்டிட்டு கிடக்கலாம்.

முடிச்சுட்டு கைய சோப்பு போட்டு கழுவுங்க, ரவை ஈயம், ரவைய வாயில கவ்விட்டு லோட் பண்ற ஸ்டைல விட்டிருங்க, சுட்ட கையோட பழம்பொரி திங்கவும் வேண்டாம். பெட்டிய பிரிக்கும்போது மாஸ்க் போட்டு, பொடிய மண்ணுல கொட்டாம டப்பால அடைச்சு பழைய இரும்புக் கடைல குடுங்க, கிணத்துப் பக்கம் கொட்டினா அது உங்க வீட்டு குடிதண்ணிக்குத்தான் வரும். பிறகு நம்ம ஊர் உப்புக்காத்து இருக்கே, மணவாளக்குறிச்சி பக்கம் உள்ள நண்பனோட பேரல் ஒரே ஆடிச் சாரல்ல செம்பட்டை ஆயிப்போச்சு. வெளிப்புறத்த எண்ண தொட்ட துணியால துடைச்சு, கவருக்குள்ள சிலிக்கா பொட்டலம் ரெண்டு போட்டு, பீரோல பூட்டி வைங்க, ரவை டப்பா வேற அறைல. சாவிய காலண்டர் ஆணில தொங்கவிடாதீங்க, பிள்ளைய முதல்ல தேடுற எடம் அதுதான்.