கந்தகப் பழக்கத்தோடு பாலியோலிஃபின் எலாஸ்டமரைத் தொடாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து ரப்பர் பட்டறைகளில் கைபழகியது கந்தக க்யூர், அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்துவது. அதே பழக்கம் பாலியோலிஃபின் எலாஸ்டமரில், அதாவது எத்திலீன் போன்றவற்றால் செய்த, ரப்பர் போல நீளும் செயற்கைப் பொருளில், சரக்கைக் கெடுக்கும்.

தோட்டத்து ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. கந்தகம் பிடிப்பது அவற்றை நம்பித்தான். எத்திலீன்-ஆக்டீன் வகைப் பாலியோலிஃபின் எலாஸ்டமரில் அவை இல்லாததற்குச் சமம். எத்தனை மணி நேரம் பிரஸ்ஸில் வைத்தாலும் குறுக்குப் பிணைப்பு (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்பு) விழாது. இதற்குப் பெராக்சைடுதான் வேண்டும்: 100 கிலோ பாலிமருக்கு டைகுமைல் பெராக்சைடு சுமார் 2 கிலோ, கூடவே பிணைப்புக்குத் துணை செய்யும் டி.ஏ.ஐ.சி. 1 கிலோ என்று தொடங்கலாம். பெராக்சைடு 40 சதவீதம் மட்டுமே உள்ள சரக்கு என்றால் 5 கிலோ போட வேண்டும். மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் 2 கிலோவே போட்டால் பாதிகூடப் பிணையாது.

அடுத்தது வெப்பம். ரிவர்ஷனுக்குப் (அதிகச் சூட்டில் விழுந்த பிணைப்பே உடைவதற்கு) பயந்து இயற்கை ரப்பரை 150 டிகிரியில் வைப்போம். இங்கே அந்தப் பயம் தேவையில்லை. 175 டிகிரியில் பெராக்சைடில் பாதி சிதைய ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும். 160 டிகிரியில் நாலு நிமிடம் ஆகும். அப்படிப் பெராக்சைடு ஆறு தடவை பாதியாகக் குறையும்வரை மோல்டைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் உள்ளே குமிழி விடும். மிக்ஸிங்கில் காம்பவுண்டின் சூடு 120 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மில்லிலேயே ஸ்கார்ச், அதாவது மோல்டுக்குப் போகும் முன்பே க்யூர் ஆகிவிடும்.

பெராக்சைடைத் தின்றுவிடும் பொருள்களை நாமே சேர்ப்பதும் உண்டு. அரோமாட்டிக் ஆயில், அமில களிமண், ஸ்டியரிக் ஆசிட், ரப்பர் முதுமையைத் தடுக்கச் சேர்க்கும் 6பிபிடி எல்லாம் அந்த ரகம். பாரஃபினிக் ஆயிலும் கால்சியம் கார்பனேட்டும் போடுங்கள். சூடான காற்றில் க்யூர் செய்தால் ஆக்சிஜன் குறுக்கிட்டு மேற்பரப்பு பிசுபிசுக்கும். மூடிய மோல்டே நல்லது.

குறுக்குப் பிணைப்பு விழுந்தால் பொருள் கடினமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். படிகப் பகுதி சற்றுக் குறைவதால் அறை வெப்பத்தில் கடினம் பெரிதாக ஏறாது, சில வேளை இறங்கும். கிடைப்பது வேறு: உருகுநிலையைத் தாண்டியும் வழிந்தோடாது, 70 டிகிரியில் கம்ப்ரெஷன் செட் (அழுத்தி விட்டபின் மீளாமல் தங்கும் அமுக்கம்) நன்றாகக் குறையும். ஆனால் அந்தச் சூட்டில் படிகம் உருகுவதால் மென்மையாவது நிற்காது. பெராக்சைடைக் கூட்டிக்கொண்டே போனால் நீட்சியும் கிழிவுத் தாங்கலும் விழும். புரோப்பிலீன் அதிகமான கிரேடு என்றால் சங்கிலியே அறுபடும், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இதே எலாஸ்டமரில் சிலேன் என்ற வேதிப்பொருள் ஒட்டிய குருணையும் உண்டு, அதற்கு ஈரமே க்யூர். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் நம் மாவட்டத்தில் உறையைத் திறந்து போட்டால் எக்ஸ்ட்ரூடருக்குப் போகும் முன்பே பிணைந்து, ஓட்டும்போது கட்டி கட்டியாக வரும். அன்றைக்கு ஓட்டும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். மீதியை அலுமினிய உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி வையுங்கள்.