நத்தாருக்குத் திருமலைக்குப் போவதென்றால்

டிசம்பரில் திருகோணமலைக்குப் போகிற நம்மவர்கள் இரண்டு பக்கக் காலநிலையையும் பார்த்துத்தான் வெளிக்கிட வேண்டும். இங்கே கனடாவில் பனி, அங்கே வாடைக்காற்றோடு வரும் மாரி மழை. நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் ஏப்ரலுக்குப் பிறகு பார்க்க வேண்டியவை. டிசம்பரில் கடல் கொந்தளிக்கும், படகும் ஓடாது. ஆனால் நத்தாருக்குப் போகிறவர் அம்மாவைப் பார்க்கத்தானே போகிறார்.

முதலில் டிக்கெட். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு ஒன்று, லண்டனிலிருந்து கொழும்புக்கு வேறொன்று என்று பிரித்து எடுத்துத் தரும் முகவர்கள் இருக்கிறார்கள். மலிவுதான், ஆனால் பனிக்காலத்தில் தயவுசெய்து வேண்டாம். நான் அப்படி எடுத்துப் போனபோது முதல் விமானம், இறக்கையில் படிந்த பனியை மருந்தடித்துக் கழுவ வரிசையில் நின்றே பிந்திவிட்டது. லண்டனில் இறங்கும்போது மற்றது பறந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது" என்றார். பனி என்றேன். "எங்கள் விமானம் நேரத்துக்குப் போனது" என்றார். அதோடு திரும்பி வருகிற பயணத்தையும் ரத்துச் செய்துவிட்டார்கள். முதல் நிறுவனத்திடம் ஓடினால், உங்களை லண்டனில் இறக்கியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்கிறார்கள். மனம் கொதித்தது. அந்த நேரம் பார்த்து அம்மா போன் எடுத்தா. "தம்பி, ஏறிட்டியா? சாமப் பூசைக்கு வந்திடுவாய்தானே?" அண்ணன் ஒஸ்லோவில், அக்கா சிட்னியில், நான் இங்கே. என்ன சொல்வது?

கொழும்பு வரை ஒரே பதிவில் எடுத்தால் இணைப்பு விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. கனடாச் சட்டப்படி, காலநிலையால் விமானம் ரத்தானால் சாப்பாடும் தங்குமிடமும் தரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் 48 மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் இடம் தராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிரித்தானியாவிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு நட்டஈடு கிடைக்காவிட்டாலும் சாப்பாடும் ஹோட்டலும் தந்தே ஆகவேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரவில் இறங்கினால் உடனே வான் பிடித்து ஓடாதீர்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காடு. மழை இருட்டில் யானை நிற்பது கிட்டப் போகும்வரை தெரியாது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து இரவு ரயில் இருக்கிறது, ஆனால் வெள்ளம் வந்தால் அதுவும் நின்றுவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் ரயில் பாதையையும் வீதிகளையும் என்ன பாடுபடுத்தியது என்று எல்லோரும் பார்த்தோம். 2020இல் புரெவி புயல் கரையேறியதும் டிசம்பர் 2இல், திருமலைக்கு வடக்கே. ஆகவே, கொழும்பில் ஓர் இரவு தங்குவதையும் கணக்கில் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. காணி, உறுதி வேலைகளை நத்தார் வாரத்தில் வைக்க வேண்டாம். ஒப்பம் வைக்கிறவர் லீவில் இருப்பார்.

நான் போய்ச் சேர்ந்தபோது நத்தார் முடிந்துவிட்டது. அம்மா பூசைக்குப் போகவில்லை. அந்த மழைக்குள் கூட்டிப்போக ஆளில்லை. மேசையில் கேக் வெட்டாமல் இருந்தது, எறும்பு ஏறாமல் தட்டைச் சுற்றித் தண்ணீர் விட்டு வைத்திருந்தா.

அதனால் சொல்கிறேன். நீங்கள் வருவீர்கள் என்பதை மட்டும் நம்பி வயதானவர்களை விடாதீர்கள். டிக்கெட் எடுக்கிற அன்றைக்கே பங்குச் சுவாமிக்கு ஒரு போன் எடுங்கள். மரியாயின் சேனைக்காரர் வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கிறவர்கள், அவர்களிடமும் சொல்லி வையுங்கள். 24ஆம் திகதி இரவுக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரைப் பேசி, போக வரக் காசையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நீங்கள் வந்து சேர்ந்தாலும் அந்த ஓட்டோ வரட்டும்.